சீவரத்தினம் சூடாக்கி விற்ற கார்

உரும்பிராய்ச் சீவரத்தினத்துக்கு ஒரு கல்வீடும் எட்டுப் பரப்புத் தோட்டமும் ஒரு ஹைபிறிட் காரும் இருந்தன. இவை ஊரில் இன்னும் நாலு பேரிடம் இருந்தன. அவரிடம் மட்டும் இருந்தது அவருடைய சொல். பழைய வாகனம் வாங்கப் போகிறவன் சாதகம் பார்க்கிறானோ இல்லையோ, முதலில் சீவரத்தினத்தின் படலையில் வந்து நிற்பான். "ஐயா, ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்கோ" என்பான். அவரும் போவார். பார்த்துவிட்டு "எடுக்கலாம்" என்பார், இல்லாவிட்டால் "வேண்டாம்" என்பார். அதற்குமேல் விளக்கம் கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுவார். ஒரு சதம் வாங்கியதில்லை.

அவர் பார்க்கிற முறையே தனி. வாகனத்தைச் சுற்றிவந்து பெயின்ற் பார்ப்பது, ரயரை உதைத்துப் பார்ப்பது ஒன்றும் கிடையாது. நேரே போய் என்ஜின் மூடியான பொனற்றில் உள்ளங்கையை வைப்பார். இலேசாகச் சூடு தெரிந்தாலும் போதும், திரும்பிவிடுவார். "நாளைக்கு விடிய வாறன். அதுவரைக்கும் ஒருத்தரும் திறப்பைப் போட்டு ஸ்ரார்ட் பண்ணக்கூடாது" என்பார். விற்க வந்தவனுக்கு முகம் கறுத்துவிடும். என்ஜின் இரவு முழுக்க ஆறிக்கிடந்து காலையில் எழும்பும்போதுதான் அதன் வியாதியெல்லாம் தெரியும் என்பது அவர் கணக்கு. நடுங்குகிற என்ஜின் அப்போதுதான் நடுங்கும், புகைக்கிறது அப்போதுதான் புகைக்கும். சூடேறிவிட்டால் எல்லாம் அடங்கிப்போய் நல்லபிள்ளை மாதிரி நிற்கும்.

இந்தச் சொல்லை அவர் இலேசில் சம்பாதிக்கவில்லை. அவருடைய ஒரே தங்கையின் புருஷன் ஒருமுறை தன் வானை விற்க நின்றான். வாங்க வந்தவர்கள், அது யாருடைய மச்சான் என்று தெரியாமலே, சீவரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வானின் என்ஜின் ஹெட் வெடித்திருந்தது. மச்சான் பின்னால் நின்று கண்ணைக் காட்டுகிறான், தங்கை தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நிற்கிறாள். சீவரத்தினம் "வேண்டாம்" என்றார். தங்கை பதினொரு வருடம் அவரோடு கதைக்கவில்லை. அவள் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கும் சொல்லவில்லை. அவர் அதற்காக அழுதிருக்கிறார், ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

வாகனத்தோடுதான் அவர் பிழைப்பே. பதினெட்டு வயதில் கூட்டுறவுச் சங்கத்து லொறியில் கிளீனராக ஏறினார். பிறகு வாடகைக் கார் ஓடினார். சண்டைக் காலத்தில் பெற்றோல் கண்ணுக்கே கிடையாது, போத்தல் கணக்கில் பவுண் விலை. கார்கள் எல்லாம் மண்ணெண்ணெய் குடித்துத்தான் ஓடின. மண்ணெண்ணெய் ஆறிய என்ஜினில் பற்றாது. ஆகவே எழுப்புவதற்கு மட்டும் நாலு துளி பெற்றோல் விடுவார்கள். என்ஜின் இருமி, புகைத்து, சூடேறி நின்றதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அந்த நாலு துளியை வீணாக்காமல் காரை எழுப்புவதில் சீவரத்தினத்தை மிஞ்ச ஆளில்லை. சண்டை முடிந்து பாதை திறந்தபின் கொழும்புக்கு ஆள் ஏற்றினார். கடைசியாக, கையில் சேர்ந்ததையெல்லாம் போட்டு, பெற்றோலிலும் பற்றறியிலும் ஓடுகிற இந்த ஹைபிறிட் காரை எடுத்தார்.

காரோடு வந்த புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. அவர் விடவில்லை. இங்கிலீசில் இருந்த ஒன்றைக் கடையில் பிரதி எடுப்பித்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து, இரண்டு மாதம் படித்தார். அதில் அவருக்கு மிகவும் பிடித்த இடம், பொத்தானை அழுத்தியதும் பெற்றோல் என்ஜின் ஏன் எழும்புகிறது என்ற பகுதி. புகைக்குழாயின் வழியில் ஒரு பெட்டி இருக்கிறது. என்ஜின் கக்குகிற நஞ்சுக்காற்றை அது மாற்றி வெளியே விடும். ஆனால் பெட்டி நன்றாகக் கொதித்தால்தான் வேலை செய்யும். அதனால் ஆறிக்கிடந்த கார் எழும்பியவுடன், பற்றறி நிறைய இருந்தாலும், என்ஜினை ஒரு நிமிடம் போல ஓடவிட்டுப் பெட்டியைச் சூடாக்கிக்கொள்கிறது. எண்ணெய்க்கும் அந்தச் சூடு நல்லது. பிறகு என்ஜின் தானாகவே நின்றுவிடும். விமான நிலையத்துக்குப் போகிற சனம், "என்ன ஐயா, பற்றறிக் கார் எண்டியள், உறுமுது" என்று கேட்கும்போதெல்லாம் சந்தோசமாக இதைச் சொல்வார். பயணிகள் தலையாட்டுவார்கள். வாங்கப்போவதில்லையே, நம்புவதில் அவர்களுக்கு என்ன நட்டம்.

அறுபத்தொரு வயதில் நீரிழிவு அவருடைய இடதுகண்ணில் போய் உட்கார்ந்தது. இனி வாகனம் ஓட்டவேண்டாம் என்று கண் டொக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் பிள்ளைகள் இல்லை. மனுசி ஞானாம்பிகை ஸ்கூட்டியைக்கூடத் தொடமாட்டார். ஆகவே காரை விற்கவேண்டியதாயிற்று. சீவரத்தினத்துக்கு அதில் கவலை இருந்ததே தவிர பயம் இருக்கவில்லை. ஊரில் எத்தனை காருக்குச் சொல் கொடுத்தவர், தன் காருக்குக் கொடுக்கமாட்டாரா?

முதலில் வந்தவர் நீர்வேலி நாகலிங்கம். வாழைக்குலை வியாபாரி, சீவரத்தினத்தின் வயதுக்காரர். மகனுக்கென்று கார் தேடினார். அவருடைய லொறியையே சீவரத்தினம்தான் பார்த்துக் கொடுத்தவர். நல்லநேரம் பார்த்துக் காலை ஆறேகாலுக்கு வந்து இறங்கினார். கார் முதல்நாள் மத்தியானத்திலிருந்து ஆறிக்கிடந்தது. சீவரத்தினம் அவருடைய கையைப் பிடித்துப் பொனற்றில் வைத்துக் காட்டினார்.

"பாத்தீங்களே, பச்சைத்தண்ணி. இனி நீங்களே ஸ்ரார்ட் பண்ணுங்கோ."

நாகலிங்கம் ஏறி உட்கார்ந்து, சாமியை நினைத்துப் பொத்தானை அழுத்தினார். விளக்குகள் எரிந்தன. நாலைந்து விநாடி அமைதி. பிறகு என்ஜின் எழும்பி உறுமத் தொடங்கியது. நாகலிங்கம் கையை எடுத்துக்கொண்டார்.

"இதென்ன, பெற்றோல்லயே எழும்புது?"

"அப்பிடித்தான் எழும்போணும். ஒரு நிமிசம் பொறுங்கோ, தானா நிக்கும்."

பெட்டியின் கதையை அவர் சொன்னார். நாகலிங்கம் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சீவரத்தினம், நானும் மண்ணெண்ணெய்க் கார் ஓடினவன்தானே. மண்ணெண்ணெய் இழுக்காதபடியாத்தான் பெற்றோல் விட்டு எழுப்பினனாங்கள். இப்ப பற்றறி இழுக்கேல்லை, அதுதான் பெற்றோல் வருகுது. எனக்கே கதை விடுறியளே."

"அது வேற, இது வேற. பற்றறி நிறையக் கிடக்கு, இஞ்சை பாருங்கோ திரையிலை காட்டுது. இது சூடாக்கிறதுக்கு."

"யாழ்ப்பாணத்து வெயிலுக்கை நிண்டு சூடாக்கோணுமோ? இதென்ன பனி கொட்டுற தேசமே?"

"வெயில் காணுமெண்டா தோசைக்கல்லை முத்தத்திலை வைச்சுச் சுடலாமே. அந்தப் பெட்டிக்கு அடுப்புச் சூடு காணாது, நாகலிங்கம்."

அவர் சொல்லி முடிக்க என்ஜின் நின்றது, சொன்னபடி, ஒரு நிமிடத்தில். வேறு எந்தப் பொருள் இப்படிச் சாட்சி சொல்லும்? நாகலிங்கம் அதையும் தன் பக்கமே எடுத்துக்கொண்டார். "பாத்தியளே, இப்பதான் பற்றறிக்குக் கொஞ்சம் சாப்பாடு கிடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போனார். சொல்லவில்லை.

அதன்பிறகு வந்தவர்களும் அந்தப் பாதையில்தான் போனார்கள். கோண்டாவிலிலிருந்து வந்தவனுடைய மாமியார், முதல் அழுத்திலேயே உறுமுகிறதே, சகுனம் சரியில்லை என்றார். இன்னொருவன் கைபேசியில் யாருக்கோ என்ஜின் சத்தத்தைக் கேட்கக் கொடுத்தான். லண்டனிலிருந்து அந்த யாரோ "பற்றறி செத்துது, எடுக்காதை" என்று தீர்ப்புச் சொன்னான். இவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒருகாலத்தில் சீவரத்தினத்தின் "எடுக்கலாம்" என்ற ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றவர்கள். அடுத்தவனுடைய காரைப் பற்றி அவர் சொன்னால் வேதம். தன் காரைப் பற்றிச் சொன்னதும் அவர் வெறும் விற்பனைக்காரனாகிவிட்டார்.

மூன்று மாதம் போயிற்று. கார் விலைப்படாதது அவருக்குப் பெரிதாக இல்லை. கோயிலடியில் ஒருநாள் காதில் விழுந்ததுதான் அவரைப் படுக்கப் போட்டது. "சீவரத்தினத்தின்ரை கார் பற்றறி செத்துப் போச்சாம். ஆள் என்னவோ பெட்டிக் கதையெல்லாம் சொல்லி ஏமாத்தப் பாக்குதாம். தன்ரை சாமான் எண்டு வந்தா எல்லாரும் ஒண்டுதான்." சொன்னவனுக்கு அவர் பின்னால் நின்றது தெரியாது. அவர் அரிச்சனைத் தட்டை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஆர் என்ன சொன்னா உங்களுக்கென்ன? வித்துத் துலையுங்கோ" என்றார் ஞானாம்பிகை.

"வித்தாத்தானே வாயடைக்கும்" என்றார் சீவரத்தினம். பற்றறி செத்த கார் என்று ஊர் சொல்கிற கார் நாளுக்குநாள் முற்றத்திலேயே நின்றால், நிற்கிற ஒவ்வொரு நாளும் ஊர் சொன்னதற்கு அத்தாட்சி. யாராவது ஒருவன் வாங்கி, ஓடி, நல்ல கார் என்று சொன்னால்தான் தன் சொல் திரும்பி வரும் என்று அவர் நினைத்தார். இந்த நினைப்பில் ஒரு பிழையும் இல்லை. பிழை லியோனைக் கூப்பிட்டதில் தொடங்கியது.

லியோன் வாகனத் தரகன். குருநகர்ப் பக்கம். கெட்டவன் என்று சொல்லமுடியாது, சிரித்த முகம். இதே சீவரத்தினத்தின் உள்ளங்கையால் அவனுடைய எத்தனையோ வியாபாரம் முறிந்திருக்கிறது, அதையும் மனதில் வைக்காமல் வந்தான். காரைப் பார்த்தான், ஸ்ரார்ட் பண்ணினான், கேட்டான், தலையை ஆட்டினான்.

"கார் தங்கம், ஐயா. நீங்கள்தான் விக்கத் தெரியாமல் நிக்கிறியள்."

"ஏன், என்ன செய்யோணும்?"

"ஆள் வர முதல் ஒரு இருவது நிமிசம் ஓடிப்போட்டு வந்து விடுங்கோ. சூடா நிண்டா பெற்றோல் என்ஜின் வராது, பூனை மாதிரி எழும்பும். எல்லாரும் அப்பிடித்தான் விக்கினம். உங்களுக்குத் தெரியாததே?"

தெரியாமலா? அதைப் பிடிப்பதற்குத்தானே அவர் நாற்பது வருடமாகக் கையை வைத்துப் பார்த்தவர்.

"அது களவு, லியோன்."

"என்ன களவு? பற்றறி செத்த காரைச் சூடாக்கி வித்தாக் களவு. நல்ல காரை நல்ல கார் எண்டு காட்டுறது களவே? நீங்கள் ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை. வாயைத் திறக்காமல் நிண்டாக் காணும்."

சீவரத்தினம் அவனைப் போகச் சொல்லவில்லை. அன்று அவனைப் போகச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நல்ல மனிதர்கள் கெட்டுப்போவது கெட்ட நியாயத்தால் அல்ல, இப்படி முக்கால்வாசி சரியாக இருக்கிற நியாயத்தால்தான். உண்மையைச் சொன்னால் பொய் என்கிறார்கள், அப்படியானால் உண்மையை மறைத்துத்தான் உண்மையைக் காட்டவேண்டும் என்று அவர் இரண்டு நாள் தனக்குத்தானே சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் நாள் அது அவருக்குப் பழகிவிட்டது.

உடுவிலில் ஒரு ரீச்சர் இருக்கிறா, பெயர் பிரசாந்தி, கார் தேடுகிறா, ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டிவருகிறேன் என்று லியோன் சொல்லி அனுப்பினான்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சீவரத்தினம் காரை எடுத்தார். ஓட்டவேண்டாம் என்று டொக்டர் சொன்ன கண்ணோடு, கோப்பாய்ச் சந்தி வரை போய், நீர்வேலிப் பக்கம் திரும்பி, வாழைத்தோட்டங்களின் கரையோரமாக வந்தார். எதிரே வந்த சைக்கிள்காரன் ஒருவனைக் கடைசி நேரத்தில்தான் கண்டார்.  வீட்டுக்கு வந்து பொனற்றில் கையை வைத்துப் பார்த்தார். நல்ல சூடு. அவரைப் போல யாராவது கையை வைத்துப் பார்த்தால்?

கிணற்றில் மோட்டரைப் போட்டுக் குழாயை இழுத்துவந்து காரைக் கழுவினார். கழுவினார் என்பது சும்மா ஒரு சொல், தூசி இல்லாத காருக்கு என்ன கழுவல். பொனற்றில்தான் முக்கால்வாசித் தண்ணீரும் விழுந்தது. தகரம் ஆறும், உள்ளே என்ஜின் ஆறாது. லியோன் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற ஞானாம்பிகை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிரசாந்தி லியோனின் ஓட்டோவில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் கட்டாரில். வாகனம் தெரிந்த மாமன், மச்சான், அயலவன் என்று ஒருவரையும் கூட்டி வரவில்லை. பொனற்றில் கையை வைக்கவுமில்லை. முற்றத்தில் நின்று சீவரத்தினத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, இது நல்ல காரோ?"

"ஓம் பிள்ளை, நல்ல கார்."

லியோன்தான் பறந்தான். "ஏறுங்கோ ரீச்சர், ஸ்ரார்ட் பண்ணிப் பாருங்கோ. சத்தம் கேக்குதோ எண்டு சொல்லுங்கோ பாப்பம்." பிரசாந்தி ஏறிப் பொத்தானை அழுத்தினார். விளக்குகள் எரிந்தன. வேறு எதுவும் நடக்கவில்லை. முருங்கையில் ஒரு காகம் கத்தியதுகூடத் தெளிவாகக் கேட்டது. "பாத்தீங்களே" என்றான் லியோன். சீவரத்தினம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். விடியக்காலை ஸ்ரார்ட் பண்ணும்போது என்ஜின் வரும் பிள்ளை, பயப்படவேண்டாம், அது பெட்டியைச் சூடாக்கத்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இப்போது ஏன் வரவில்லை என்று கேட்பார். அவர் வாயைத் திறக்காமல் நின்றார். கார் விலைப்பட்டது.

நாலாம் நாள் பின்னேரம் பிரசாந்தி அந்தக் காரிலேயே வந்தார். சீவரத்தினம் முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கார் ஒழுங்கையில் வளையும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இருங்கோ பிள்ளை."

"இல்லை ஐயா, நிக்கிறன். ஒண்டு கேக்கோணும். விடிய விடிய என்ஜின் வருகுது. முதல்நாள் விடிய கோயிலுக்குப் போக எலுமிச்சம்பழம் வைச்சு எடுக்க, உறுமிச்சுது. மாமி பயந்துபோனா."

"அது அப்பிடித்தான் பிள்ளை, பழுதில்லை. புகைக்குழாயிலை ஒரு பெட்டி…"

"தெரியும் ஐயா. பள்ளிக்கூடத்திலை விஞ்ஞானம்தான் படிப்பிக்கிறன். வாகனம் திருத்திற கராச்சிலையும் காட்டினனான். பற்றறி நல்லாயிருக்குதாம், இப்பிடி வைச்சிருந்த கார் காணக்கிடைக்காதாம். காரைத் திருப்பித் தர வரேல்லை."

சீவரத்தினத்துக்கு ஒரு கணம் உயிர் வந்தது. ஒரு மனிசியாவது பெட்டியின் கதையைத் தானாகவே அறிந்து வைத்திருக்கிறாள்.

"அப்ப என்ன பிள்ளை?"

"அண்டைக்கு ஏன் வரேல்லை?"

அவர் கிணற்றடிப் பக்கம் பார்த்தார்.

"ஆறிக் கிடந்த கார் எண்டா வந்திருக்கோணும். வரேல்லை எண்டா நான் வர முதல் ஓடியிருக்கிறியள். ஓடின கார் எண்டா பொனற் சூடாயிருக்கோணும். கழுவி ஈரமாயெல்லோ நிண்டுது." கோபமே இல்லாத குரல், சோதனைத்தாளில் பிழையைக் காட்டுகிற மாதிரி. "ஓடினனீங்களோ ஐயா?"

"ஓம்."

"ஏன்?"

"என்ஜின் வந்தா ஒருத்தரும் எடுக்கினமில்லை, பிள்ளை. மூண்டு மாசமா உண்மையைச் சொல்லிப் பாத்தன். நம்பினமில்லை. நீங்களும் போயிடுவியளெண்டு…"

பிரசாந்தி கார்த் திறப்பைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"நான் கார் பாக்க வரேல்லை ஐயா. எனக்கு வாகனம் தெரியாது. சீவரத்தினத்தின்ரை கார் எண்டு லியோன் சொன்னவர். எங்கடை அப்பாவுக்கு நீங்கள்தான் மோட்டச்சைக்கிள் பாத்துக் குடுத்தனீங்கள். அதுதான் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வரேல்லை. என்ஜின் வரும், பயப்படாதையுங்கோ எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் ரெண்டாவது கேள்வி கேட்டிருக்க மாட்டன்."

சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். வந்து சேர்ந்த சூடு ஆறவில்லை, ஆகவே கார் சத்தமில்லாமல் போயிற்று. திட்டியிருந்தால் சீவரத்தினம் தாங்கியிருப்பார். காரைத் திருப்பித் தந்திருந்தால் காலில் விழுந்தாவது வாங்கியிருப்பார். தன் சொல்லை நம்பி வந்த ஒரே ஆளுக்குத்தான் அந்தச் சொல்லைக் கொடுக்காமல் விட்டிருக்கிறார்.  அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

பிரசாந்தி இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னவன் லியோன், அதுவும் பெருமையாக. சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருந்து, "சீவரத்தினத்தாருக்கே சூடாக்கி விக்கப் பழக்கினவன் நான்" என்று சொன்னான். கார் ஈரமாக நின்றதைக் கண்டு பிடித்துக்கொண்ட கிணற்றுத் தண்ணீர் விசயத்தை, அது ஐயாவின் சொந்த மூளை என்று நியாயமாகப் பங்கும் பிரித்துக் கொடுத்தான். ஊர் கோபிக்கும், காறித்துப்பும் என்று சீவரத்தினம் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். ஒருவரும் கோபிக்கவில்லை. ஊருக்குச் சந்தோசம். இத்தனை வருடமாக ஒரு மனிதன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு எல்லாரையும் கூச வைத்தானே, அந்தக் கூச்சம் ஒழிந்தது. கோயிலடியில் கண்டவர்கள் முன்னெப்போதும் இல்லாத உரிமையோடு அவருடைய தோளில் தட்டினார்கள். "ஐயாவும் எங்கடை ஆள்தான்" என்றார்கள். நாகலிங்கம் வாழைக்குலை ஒன்று கொடுத்தனுப்பினார். பற்றறி செத்த காரைப் பள்ளிக்கூட ரீச்சரின் தலையில் கட்டிய கெட்டித்தனத்துக்குப் பாராட்டு. பற்றறி நல்ல பற்றறி என்று இனி யாருக்குப் போய்ச் சொல்வது? சீவரத்தினம் அந்தக் குலையை ஆட்டுக்கு வெட்டிப் போட்டார்.

வாகனம் பார்க்கச் சொல்லி அதன்பிறகு ஒருவரும் படலைக்கு வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். அரசாங்கம் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டு ஊரெல்லாம் கார் கைமாறுகிற காலம். முன்பென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் சோறு தின்ன அவருக்கு நேரம் இருக்காது. இப்போது ஞாயிறும் திங்களும் ஒன்றாகக் கிடந்தன.

ஒரு சனிக்கிழமை காலை ஞானாம்பிகை கோடிப்புறத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது படலையில் மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டது. கோப்பாய்ச் சிவகரன். சிமெந்துக் கடை வைத்திருப்பவன், நல்ல பிள்ளை.

"ஐயா, ஒரு கார் விசயமா வந்தனான்."

சீவரத்தினம் கதிரையிலிருந்து எழும்பினார்.  "வாறன் தம்பி, எங்கை நிக்குது? விடியத்திலையிருந்து ஓடேல்லைத்தானே? இல்லாட்டி நாளைக்குத்தான் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே போட்டுக்கொள்ளச் சேட்டைத் தேடினார்.

"இல்லை ஐயா, வாங்கேல்லை. என்ரை ஹைபிறிட்டை விக்கப்போறன். நாளைக்கு ஆக்கள் வருகினம். ரெண்டு பேர் முதலே வந்து, என்ஜின் வருகுதெண்டு விட்டிட்டுப் போட்டினம். லியோன் அண்ணை சொன்னார், உங்களைக் கேட்டா வடிவாச் சொல்லுவியளெண்டு. எவ்வளவு நேரம் ஓடோணும்? பொனற்றை எப்பிடி ஆத்துறது?"

சீவரத்தினம் ஒரு கை சேட்டுக்குள்ளும் மறுகை வெளியிலுமாக நின்றார். சிவகரனின் முகத்தில் கேலி இல்லை, குத்தல் இல்லை. வைத்தியரிடம் மருந்து கேட்கிறவனைப் போல மரியாதையாக நின்றான்.

"கார் நல்ல கார் ஐயா. சத்தியமா. உங்கடை கார் மாதிரி."

அவனுக்குப் பெட்டியின் கதையைச் சொல்லலாம். வருகிறவர்களுக்கு நீயே விளக்கமாகச் சொல் தம்பி, ஆறிய காரைக் காட்டு என்று சொல்லலாம். அதைச் சொல்வதற்கு இந்த ஊரில் இருந்த ஒரே வாய் அவருடையதுதான். அந்த வாயால் அதைச் சொன்னால் சிவகரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுவான் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"இருவது நிமிசம் காணாது" என்றார் மெதுவாக. "அரைமணித்தியாலம் ஓடுங்கோ. வந்த உடனை கழுவாதையுங்கோ, ஆவி பறக்கும், காட்டிக் குடுத்திடும். கொஞ்சம் பொறுத்து, ஈரச்சாக்குப் போட்டு எடுத்துப்போட்டுக் கழுவுங்கோ."

சிவகரன் நன்றாகக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனான். ஞானாம்பிகை ஈரக்கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தார்.

"ஆர் வந்து போறது?"

"கோப்பாய்ப் பெடியன். கார் ஒண்டு வாங்கப்போறானாம். என்னைத்தான் வந்து பாத்துச் சொல்லட்டாம்."

"பாத்தீங்களே, நான் சொன்னனான்தானே, திரும்பவும் வருவினம் எண்டு" என்றார் ஞானாம்பிகை. மூன்று மாதமாகச் சீவரத்தினம் சொன்ன உண்மையை ஊரில் ஒருவன் நம்பவில்லை. இந்தப் பொய்யை ஞானாம்பிகை உடனே நம்பினார். நம்பி, சந்தோசத்தில் அவருக்குத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனார்.